"ஒண்ணு எழுபதுக்கு மேல போகாது சார்"

சேலம் ஓமலூர் ரோட்டில் ஒரு கார் ஷோரூம். 2025 தீபாவளி முடிந்த அடுத்த வாரம். ராசிபுரத்திலிருந்து ஒருவர் மனைவியையும், பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்து வருஷமாக ஓட்டிய வேகன் ஆரைக் கொடுத்துவிட்டு, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்று எடுக்க வேண்டும். புதுக் கார் ஆசையெல்லாம் இல்லை. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. "கிளட்ச் மிதிக்கிறதை விடுங்க, இல்லன்னா சீக்கிரமே ஆபரேஷன்னு வந்து நிப்பீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பழைய வண்டியைப் பார்க்க ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். பேனட்டைத் திறந்து பார்த்தான். கதவோரத்து ரப்பரை இழுத்து உள்ளே பில்லரில் அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தான். பெயிண்ட்டின் கனம் காட்டும் சின்னக் கருவி ஒன்றைக் கதவு கதவாக வைத்துக்கொண்டே வந்தான். இடது பின் கதவில் நம்பர் எகிறியது. 2019-ல் ஒரு கல்யாண மண்டபத்தில் தூணில் உரசி டிங்கரிங் பார்த்த கதவு அது. ஆர்.சி.யை செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். எல்லாம் சேர்த்து பன்னிரண்டு நிமிஷம்.

"சார், ஒண்ணு எழுபதுக்கு மேல போகாது சார். எக்ஸ்சேஞ்ச் போனஸ் இருபது தனி."

அவர் மனசில் இருந்தது இரண்டரை லட்சம். 78,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, சிங்கிள் ஓனர், ஒரு சர்வீஸ் கூட தவறியதில்லை. வாதாடவே தோன்றவில்லை அவருக்கு. "யோசிச்சு சொல்றேங்க" என்று எழுந்துவிட்டார். சீலநாயக்கன்பட்டி தாண்டும் வரை காருக்குள் யாரும் பேசவில்லை.

பழைய காரைக் கொடுத்துப் புதுசு எடுக்கப் போன எல்லாருக்கும் இந்த மௌனம் தெரிந்திருக்கும். வண்டிக்குச் சொன்ன விலை ஏதோ தனக்கே சொன்ன விலை மாதிரி வலிக்கும். அந்த வலியில்தான் பலர் தப்பு பண்ணுகிறார்கள். ஒன்று, கோபத்தில் பேச்சை முறித்துக்கொண்டு வருகிறார்கள். இல்லையென்றால் புது வண்டி மேல் இருக்கும் கண்ணில் "போனா போகுது" என்று கையெழுத்து போட்டுவிடுகிறார்கள்.

இவர் வேலை பார்ப்பது நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் வியாபாரியிடம், கணக்கு எழுதுபவராக. விரலி, உருண்டை, பனங்காலி என்று மூட்டைகள் ஏலத்துக்கு வருவதையும், விலை கட்டவில்லை என்றால் விவசாயி "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சரக்கை குடோனிலேயே விட்டுப் போவதையும் இருபது வருஷமாகப் பார்த்தவர். அந்த விவசாயி கோபித்துக்கொள்ளவும் மாட்டார், அவசரப்படவும் மாட்டார். சொந்தக் காரை விற்கப் போகும்போது மட்டும் இவருக்கு அது மறந்துவிட்டது.

சரி, இரண்டரை லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தெருவில் யாரோ அந்த விலைக்கு விற்றதாகக் கேள்வி. நெட்டில் அதே மாடலுக்குப் போட்டிருந்த விலைகள். நெட்டில் போட்டிருப்பது விற்பவர் கேட்கும் விலை, விற்ற விலை இல்லை என்பதை மகள்தான் எடுத்துச் சொன்னாள். நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. என்.இ.சி.சி. அறிவிக்கும் விலை ஒன்று, லோடு ஏற்றும்போது வியாபாரி "மைனஸ்" போட்டுக் கொடுப்பது இன்னொன்று.

அன்று ராத்திரி மகள் கால்குலேட்டரோடு உட்கார்ந்தாள். 2015-ல் வாங்கும்போது ஆன்ரோடு சுமார் ரூ. 5 லட்சம். வருமான வரிக் கணக்கில், வாடகைக்கு விடாத தொழில் உபயோகக் காருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம், மிச்ச மதிப்பின் மேல். பத்து வருஷம் அப்படியே கழித்துக்கொண்டு வந்தால் ரூ. 98,437. புத்தகத்தின்படி பார்த்தால் ஷோரூம்காரன் தாராளப் பிரபு!

இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று 1,90,000 போட்டிருந்தது. புது வண்டிக்கு அதற்கொரு அட்டவணை உண்டு. ஒரு வருஷம் முடிந்தால் 20 சதவீதம் கழிவு, இரண்டு முடிந்தால் 30, மூன்றில் 40, நான்கில் 50. ஐந்து வருஷம் தாண்டினால் அட்டவணை கிடையாது. கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். ஆக 98 ஆயிரமும் சரி, 1.90-ம் சரி, சந்தை விலையைச் சொல்வதில்லை. ஒன்று வரிக்காக, மற்றது பிரீமியத்துக்காக.

அவள் போட்ட அடுத்த கணக்குதான் முக்கியம். எதிர்பார்த்ததற்கும் சொன்னதற்கும் இடையே 80 ஆயிரம் பள்ளம். கையில் அந்தப் பணம் கிடையாது, எனவே அது புதுக் காரின் கடனில் போய்ச் சேரும். 9.5 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 2,100 ரூபாய். 80 ஆயிரத்துக்கு 1,680. அறுபது மாதத்தில் 1,00,800. பழைய காரில் விட்ட 80 ஆயிரம், புதுக் காரில் ஒரு லட்சமாக வெளியே போகும். அதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் "மானம்" பற்றிய பேச்சு நின்று கணக்கு பற்றிய பேச்சு ஆரம்பித்தது.

இந்த இடத்தில் ஷோரூம்காரன் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஊரில் வாங்கின பிறகு பல்லிளிக்கும் காருக்கு "லெமன்" என்று பெயர். (இந்தப் பக்கம் புதுக் காரின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் தெருவில் இறக்குவார்கள். அங்கே காரே எலுமிச்சம்பழம்.) வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் ஒரு விலையைத்தான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் கொடுக்க மாட்டார், ஓட்டை வண்டிக்காரர் சந்தோஷமாகக் கொடுப்பார். கடைசியில் சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும், விலை இன்னும் இறங்கும். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை இது. அகர்லாஃப் 2001-ல் இன்னும் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பன்னிரண்டு நிமிஷம் பார்த்த அந்தப் பையனுக்குப் பத்து வருஷப் பராமரிப்பு தெரிய வழியே இல்லை. தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை கழித்திருப்பான். அப்படியானால் தெரிய வைத்தால்?

அடுத்த சனிக்கிழமை அவர் தனியாகப் போனார். இந்த முறை விலை பேசவில்லை. பையனை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போய், "தப்பா நினைக்காதீங்க தம்பி, எதுக்கு எவ்வளவு புடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அவனும் நல்ல பையன். ஒரு கார்டின் பின்பக்கத்தில் எழுதியே காட்டினான். நாலு டயர் 16,000. கதவும் பம்பரும் பெயிண்ட் 9,000. பேட்டரி 4,000. ஆர்.சி.யில் இன்னும் பேங்க் பெயர் இருக்கிறது, அதற்கு ஒரு பத்தாயிரம். மிச்சம் வரி, வட்டி, யார்டு வாடகை, லாபம். வெளியே 2.40-க்கு விற்பார்களாம்.

கூட்டிப் பார்த்தால் பெரிய கொள்ளை என்று சொல்ல முடியாது. 1.70-க்கு வாங்கி 2.40-க்கு விற்றால் வித்தியாசம் 70 ஆயிரம். ஜி.எஸ்.டி. பதிவுள்ள டீலர் அந்த வித்தியாசத்துக்கு வரி கட்ட வேண்டும். சின்னக் கார்களுக்கு 12 சதவீதமாக இருந்ததை 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய கவுன்சில் 18 ஆக்கியது. (அப்போது நஷ்டத்துக்குக் காரை விற்கும் சாதாரண ஆளும் 18 சதவீதம் கட்டணும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி சுற்றியது. வரி டீலரின் லாப வித்தியாசத்துக்குத்தான். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றால் அது கிடையாது.) வரி உள்ளடக்கம் என்று வைத்தால் 70 ஆயிரத்தில் சுமார் 10,700 அரசாங்கத்துக்கு. டயர், பெயிண்ட், பேட்டரிக்கு 29 ஆயிரம். மிச்சம் 30 ஆயிரம் சொச்சம். அதிலும் வண்டி இரண்டு மாசம் விற்காமல் நின்றால் வட்டி தின்றுவிடும்.

இன்னொரு காரணமும் இருந்தது, அவர் கையில் இல்லாதது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கான ஜி.எஸ்.டி. குறைந்தது. பெட்ரோல் வண்டிக்கு 28 சதவீதமும் 1 சதவீத செஸ்ஸும் இருந்த இடத்தில் 18. வரிக்கு முந்தைய விலை 5 லட்சம் என்றால் 6.45 ஆக இருந்தது 5.90 ஆனது. புதுசு 55 ஆயிரம் இறங்கினால் பழசு மட்டும் அப்படியே நிற்குமா? புதுக் கார் வாங்கும்போது அந்தக் குறைப்பில் சந்தோஷப்பட்டவர், பழைய காரை விற்கும்போது அதன் மறுபக்கத்தை ஏற்றுத்தான் ஆக வேண்டும். இரண்டரை லட்சம் என்ற கனவில் கொஞ்சம் அங்கேயே கரைந்தது.

ஆனால் கார்டில் எழுதின மற்றவை? பேட்டரி மாற்றி மூன்று மாசம்தான் ஆகிறது, பில் டேஷ்போர்டுக்குள்ளேயே கிடந்தது. முன் டயர் இரண்டும் ஒரு வருஷம் ஆனவை. பையன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பேங்க் பெயர் விஷயம் முழுக்க இவர் தப்பு. கடன் 2020-லேயே முடிந்துவிட்டது. பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யை பீரோவில் வைத்துப் பூட்டியவர், ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷனை நீக்க மறந்துவிட்டார். கடன் முடிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். படிவம் 35 போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீக்கும் வரை அந்த வண்டியை வேறு பெயருக்கு மாற்ற முடியாது. பழைய என்.ஓ.சி. காலாவதி என்று பேங்கில் புதுசு வாங்கி, அலைந்து முடிக்க மூன்று வாரம் ஆனது. இந்தக் கட்டுரையைப் படிப்பவர்கள் வீட்டில் கடன் முடிந்த வண்டி இருந்தால் இன்றைக்கே ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அந்த மூன்று வாரத்தில் மற்ற வேலைகள் நடந்தன. சர்வீஸ் சென்டரில் பத்து வருஷ சர்வீஸ் விவரத்தையும் பிரிண்ட் எடுத்தார். நிலுவையில் இருந்த ஒரு இ-சலானைக் கட்டினார். 3,500 ரூபாய்க்கு உள்ளே வெளியே சுத்தம் பண்ணி பாலிஷ். கதவை மறுபடி பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டதற்கு மெக்கானிக் வேண்டாம் என்றுவிட்டார். விற்கப் போகும் நேரத்தில் புதுப் பெயிண்ட் பளபளத்தால் எதையோ மறைக்கிறான் என்றுதான் வாங்குபவனுக்குத் தோன்றும்.

நாமக்கல்லில் இரண்டு கன்சல்டிங்கில் காட்டினார். (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே பழைய வண்டிக் கடைக்குப் பெயர் கன்சல்டிங்.) ஒருவர் 1.95, இன்னொருவர் 2.05. ஆன்லைனில் வாங்கும் கம்பெனி ஒன்று விவரம் போட்டதும் 2.40 என்று காட்டியது. வீட்டுக்கு ஆள் வந்து பார்த்த பிறகு 1.98. அந்த முதல் நம்பரை நம்பி யாரும் அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது.

இத்தனை பேரிடம் கேட்டதில் ஒரு லாபம், 1.70 என்பது சந்தை விலை இல்லை என்பது உறுதியானது. இரண்டரையும் இல்லை என்பதும்தான்.

மறுபடி ஷோரூம். இந்த முறை மகள் சொன்னபடி, முதலில் பழைய காரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. புதுக் காரின் ஆன்ரோடு விலையைத் தனியாக ஒரு தாளில் வாங்கினார்கள். தள்ளுபடி எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு, ஆக்சஸரீஸ் என்று என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று வரி வரியாக. அதற்குப் பிறகுதான் பழைய கார். ஏன் இப்படி என்றால், மூன்றையும் ஒன்றாகப் பேசும்போது ஒரு பக்கம் ஏற்றி மறு பக்கம் இறக்குவது ரொம்ப சுலபம். "சார் உங்களுக்காக மேனேஜர்கிட்ட பேசி பழைய வண்டிக்கு இருபது ஏத்தியாச்சு" என்பார்கள். புது வண்டித் தள்ளுபடியில் பதினைந்து காணாமல் போயிருக்கும். புதன்சந்தை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும்போது பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஷோரூமில் அந்தத் துண்டு, காசு கட்டுபவரின் கண்ணையே மறைக்கிறது.

பேட்டரி பில், சர்வீஸ் பிரிண்ட், பேங்க் பெயர் நீங்கிய ஆர்.சி. எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்ததும் 1.70 என்பது 1.95 ஆனது. சத்தமே போடாமல் இருபத்தைந்தாயிரம்! போனஸ் சேர்த்தால் 2.15. நேரமில்லாதவர்கள், உடனே வண்டி தேவைப்படுபவர்கள், முன்பின் தெரியாத ஆட்களோடு பேரம் பேசப் பிடிக்காதவர்கள் தாராளமாக இங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதில் ஏமாந்ததாக நினைக்கவும் வேண்டியதில்லை. ஒரே கையெழுத்தில் வேலை முடியும் சௌகரியத்துக்கும் ஒரு விலை உண்டு.

இவர் இன்னொரு கேள்வி கேட்டார். "வெளியில வித்துட்டு வந்தா அந்த போனஸ் கிடைக்காதுங்களா?" கிடைக்குமாம். அந்தக் கம்பெனி விதிப்படி, பெயர் மாறின ஆர்.சி. நகலைக் குறிப்பிட்ட நாளுக்குள் கொடுத்தால் போதும். எல்லாக் கம்பெனியிலும் இப்படி இருக்காது. இருக்கும் இடத்திலும் கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

கடைசியில் மெக்கானிக் மூலமாகத்தான் ஆள் கிடைத்தது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர், முப்பது வயசு, முதல் கார். தன் பங்குக்கு ஒரு மெக்கானிக்கையும் கூட்டி வந்திருந்தார். ஆண்டகளூர் கேட் வரை ஓட்டிப் பார்த்தார்கள். அவர்கள் குனிந்து பார்ப்பதற்கு முன்பே இவர், "தம்பி, இந்தப் பின் கதவு 2019-ல டிங்கரிங் பார்த்தது. தூண்ல உரசிருச்சு. மத்ததெல்லாம் ஒரிஜினல் பெயிண்ட்" என்றார். மகளுக்குப் பக்கென்றது, இதை ஏன் சொல்கிறார் என்று. ஆனால் அதற்கப்புறம் அந்த மெக்கானிக் மற்ற கதவுகளை அவ்வளவு நோண்டவில்லை.

"ரெண்டு பத்துக்கு முடிச்சுக்கலாங்களாண்ணா?"

"ரெண்டு நாப்பது சொல்லிருக்கேன் தம்பி. பேப்பரெல்லாம் கையில இருக்கு, பாத்துட்டீங்க."

இரண்டு டீ, ஒரு மணி நேரம். 2,32,000-க்கு முடிந்தது.

பணத்தை ரொக்கமாகக் கொண்டு வரட்டுமா என்று கேட்டார் அவர். கூடாது. 2017 ஏப்ரலிலிருந்து ஒரே பரிவர்த்தனையில் ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க முடியாது. வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் வரலாம். ஐந்தாயிரம் அட்வான்ஸ், மீதி பேங்க் வழியாக. பணம் கணக்கில் ஏறிய பிறகு சாவி.

வெளியாளுக்கு விற்பதில் உண்மையான பயம் பணத்தில் இல்லை, பெயர் மாற்றத்தில்தான். படிவம் 29, 30-ல் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வாங்கியவர் மாற்றினாரா என்று யாரும் பார்ப்பதில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. கார் பல கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. (பழைய வண்டி டீலர்களுக்கு இதற்காகவே 2023 ஏப்ரல் முதல் தனி விதிகள் வந்திருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் கொடுத்தால், வண்டி அவர் வசம் போனதை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க ஒரு வழி இருக்கிறது. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.) இவர் விண்ணப்பம் போடும்போது கூடவே நின்றார். சாவி கொடுத்த தேதியும் மணியும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து போட்ட தாளை ஃபைலில் வைத்துக்கொண்டார்.

இன்சூரன்ஸில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் சேர்ந்திருந்தது. அது வண்டியோடு போவதில்லை, ஆளோடு வருவது. கம்பெனியில் கடிதம் வாங்கிப் புதுக் காரின் பாலிசியில் கழித்துக்கொண்டார். ஷோரூமில் "இன்சூரன்ஸ் எல்லாம் நாங்களே பாத்துக்கறோம் சார்" என்று சொன்னபோது தலையாட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

மகள் கடைசிக் கணக்கு போட்டாள். 2,32,000. மெக்கானிக்குக் கமிஷன் 2,000, பாலிஷ் 3,500, பேங்க், ஆர்.டி.ஓ. அலைச்சலுக்கு 2,000 கழித்தால் 2,24,500. போனஸ் 20,000 சேர்த்து 2,44,500. முதல் நாள் சொன்னது போனஸோடு 1,90,000. வித்தியாசம் 54,500. கடனில் அது மாதம் சுமார் 1,145 ரூபாய், அறுபது மாதத்தில் 68,700.

"அஞ்சு வாரம் அந்த முட்டிய வச்சுக்கிட்டு கிளட்ச் மிதிச்சாரே, அதை எந்த வரியில கழிச்ச?" என்று கேட்டார் அம்மா. மகளிடம் பதில் இல்லை. கடைசி இரண்டு வாரம் அவர் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார் என்பது உண்மை. ஆர்.சி.யைப் பார்த்து பேங்க் பெயரை 2020-லேயே நீக்கியிருந்தால் அதில் மூன்று வாரம் மிச்சம்.

புது வண்டி வந்து நான்காம் நாள் திருச்செங்கோட்டிலிருந்து போன்.

"அண்ணா, உங்க ஃபாஸ்டேக் இன்னும் அந்த வண்டியிலயே இருக்குதுங்க. அதை க்ளோஸ் பண்ணாதான் எனக்குப் புதுசு ஏறுமாம்."

கிளாஸில் ஒட்டியிருந்ததை இவர் மறந்தே போயிருந்தார். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். உடனே பேங்க் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். க்ளோஸ் ஆக இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் மறுநாள் காலை, மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது செல்போனில் ஒரு மெசேஜ். பழைய வண்டி நம்பர், வைகுந்தம் டோல்கேட், அவர் கணக்கிலிருந்து பணம் கழிந்திருந்தது. பத்து நிமிஷத்தில் அதே தொகை ஜிபேயில் வந்து சேர்ந்தது, "சாரிண்ணா, சேலம் வரைக்கும் போறேன்" என்று ஒரு வரியோடு.